எண்பத்து மூன்றுக்கு விட்ட இடம்

பிரிட்லிங்டன் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கும் மால்கம் கிரீன்வுட் வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மர்ஸ்டேல் நகராட்சியின் பச்சையும் பாலேட்டு நிறமும் பூசிய மாடிப் பேருந்துகள், எழுபத்தாறாம் எண்ணிலிருந்து தொண்ணூறு வரை, அதில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். வார்ப்பு உலோகத்தில் செய்த உடம்பு, ரப்பர் சக்கரம், எறும்புக் கால் பருமனில் எழுதிய நம்பர் பலகை. எல்லாம் அவர் ஒரு காலத்தில் ஓட்டிய வண்டிகள். எண்பத்திரண்டுக்கும் எண்பத்து நான்குக்கும் நடுவில் மட்டும் ஒரு பேருந்து நிற்கும் அளவுக்குக் காலி இடம் விட்டிருந்தார்.

எண்பத்து மூன்று அவருடைய மகனைக் கொன்ற வண்டி.

சொல்வதைச் சொல்லிவிட வேண்டியதுதான், இழுத்தடித்து என்ன ஆகப்போகிறது. மர்ஸ்டேல் மலையடிவாரத்து ஆலை ஊர். மால்கம் அங்கே பல வண்டிகளை ஓட்டிவிட்டு, கடைசியில் மூர்டாப் தடத்தில் சாயங்கால வண்டியாக எண்பத்து மூன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். சேப்பல் வளைவில் அவர் வீட்டுத் தெரு வந்து சேரும். பள்ளிக்கூடம் விட்டதும் மகன் ஆலன் அங்கே வந்து நிற்பான், எட்டு வயசு. வளைவில் மால்கம் வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, ஓட்டுநர் கூண்டின் வலது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயைக் கொடுப்பார். பையன் எதிர்ப்பக்க நடைபாதையை விட்டுச் சாலைக்குள் ஓடிவந்து வாங்கிக்கொண்டு திரும்பி ஓடுவான். உத்தியோகத்தில் இதெல்லாம் கூடாது. நடத்துநர்களுக்குத் தெரியும், பயணிகளுக்குத் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் எந்த அப்பன் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதையும் யாரும் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் ரக்பி ஆட்டம் பார்க்கப் போவதற்காக மால்கம் தன் முறையை ஃபிராங்க் என்ற சக ஓட்டுநரோடு மாற்றிக்கொண்டார். காலையில் கிளம்பும்போது மனைவி டோரீனிடம் சொன்னார், ஆலனிடம் சொல்லிவிடு, இன்றைக்கு வண்டியில் நான் இல்லை என்று. டோரீன் சரி என்றாள். அப்புறம் மறந்துபோனாள். பையனுக்குத் தெரிந்ததெல்லாம் எண்பத்து மூன்று வந்தால் அப்பா வருகிறார் என்பதுதான். ஃபிராங்க்குக்கு அந்த வளைவில் வேகம் குறைக்க ஒரு காரணமும் இல்லை.

விசாரணையில் யார் மேலும் தவறில்லை என்று முடிந்தது. ஃபிராங்க் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மால்கமும் தொடவில்லை. அந்த வருஷமே மால்கமும் டோரீனும் ஊரைக் காலி செய்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தார்கள். மால்கம் மீன் பெட்டி ஏற்றும் வேலையில் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை அதிலேயே இருந்தார். வேறு பிள்ளை பிறக்கவில்லை. காலையில் டோரீனிடம் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மால்கம் நாற்பத்தைந்து வருஷமாக மூச்சுவிட்டதில்லை. அவளே அதை மறந்திருப்பாள், மறந்தே போகட்டும் என்று இருந்தார். மனிதர் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நாக்கை வெட்டிப் போட்டவர் மாதிரி இருந்துவிட்டார்.

பிள்ளையைப் பேருந்துக்குப் பறிகொடுத்தவன் பேருந்து பொம்மை வாங்கி அடுக்குவானா என்று கேட்கலாம். கேட்பதற்கென்ன. ஓய்வுபெற்ற மனிதன் நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? பழைய சாமான் விற்கும் தர்மக் கடை ஒன்றின் ஜன்னலில் மர்ஸ்டேல் நிறத்தில் ஒரு பேருந்தைப் பார்த்தார், வாங்கிவந்தார். அவர் வாழ்க்கையில் நன்றாகச் செய்த வேலை பேருந்து ஓட்டியது ஒன்றுதான். டோரீன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெச்சுக்கோ, தூசி நான் துடைச்சுக்கறேன்," என்றாள். அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வண்டியாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். காலி இடத்தையும் துடைப்பாள். அங்கே என்ன நிற்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எண்பத்து மூன்று இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று மால்கம் மனசுக்குள் முடிவு செய்திருந்தார். அவள் அதைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக அவள் தனக்கு நன்றியாகக்கூட இருப்பாள் என்று நினைத்திருந்தார், பாவம்.

அவருக்கு இருந்த கூட்டு அந்த ஊரில் பேருந்து பொம்மை சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றுதான். இருபது கிழவர்கள். மழைக்கோட்டைக் கழற்றாமலே மாதா கோயில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பச்சை அந்தப் பச்சை இல்லை என்று டீ ஆறிப்போகும் வரை சண்டை போடுவார்கள். ஒரு வண்டிக்கு ஏணி இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கமா என்று இரண்டு பேர் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததும் உண்டு. வீட்டில் மனைவி முடி வெட்டிக்கொண்டு வந்தால் தெரியாது, எண் எழுத்தில் மயிரிழை கோணல் இருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணில் வரிசையில் ஒரு காலி இடம் பட்டால் என்ன ஆகும்? பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி மனசு அங்கேயேதான் போகும்.

சங்கச் செயலாளர் நெவில் ஆக்ராய்ட் ஒரு மத்தியானம் டீ குடிக்க வந்தார். ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிடப் பெரிசு. அலமாரி முன்னால் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"ஏப்பா மால்கம், எம்பத்தி மூணு எங்க?"

"அதுக்கு பொம்மை வார்க்க அச்சு கெடையாதுப்பா," என்றார் மால்கம். "பாலத்துல மாட்டி மேல்தளம் நசுங்கி, வேற கூடு போட்ட வண்டி அது. அந்த மாதிரி ஊர்ல ஒண்ணுதான் இருந்துது. எந்தக் கம்பெனிக்காரன் ஒரு வண்டிக்காக அச்சு போடுவான்?"

அது உண்மைதான். உண்மையோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து டோரீன் தட்டில் டீயும் கேக்கும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பேச்சை எப்படியாவது முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் மால்கம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"கெடைச்சா வெச்சிருக்க மாட்டேனா?"

நெவில் ஒன்றும் சொல்லாமல் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த ஆள் வாயை மூடினால்தான் பயப்பட வேண்டும் என்று மால்கமுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மால்கமின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் சங்கத்தின் வருஷாந்திரச் சந்தை நாளில் வந்தது. டோரீன் ஒருநாளும் சந்தைக்கு வந்தவள் இல்லை. நெவில் நேரில் வந்து அழைத்தார்.

"கேக் வெட்ட நீங்க வராம எப்படிங்க? அவரு வெட்டினா கேக்கும் பஸ் மாதிரிதான் வரும்."

டோரீன் சிரித்தாள். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கூடம் முழுக்க மேஜைகள், மேஜை முழுக்கப் பெட்டிகள், முட்டை ரொட்டியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. கிழவர்கள் அவளுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். மால்கமுக்கு மனசு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தன்னோடு ஒரு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கேக் வெட்டியானதும் நெவில் மேஜை மேல் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியை வைத்தார். மேலே ஒரு கைக்குட்டை மூடியிருந்தது. பக்கத்தில் ஐவர் பீல் என்பவர் நின்றார். முன்னே கடைப் பலகை எழுதிப் பிழைத்தவர், அறுபது வயதுக்காரர், வாய் திறந்து பேசவே கூச்சப்படுவார். அவர் கை விரல் நுனியில் பச்சைச் சாயம் இன்னும் போகவில்லை.

"நம்ம மால்கமோட வரிசையில ஒரே ஒரு ஓட்டை," என்று நெவில் ஆரம்பித்தார். "எங்களுக்கெல்லாம் அதைப் பார்த்துட்டு வந்ததுலேர்ந்து தூக்கம் இல்ல. கம்பெனி பண்ணலன்னா என்ன, நம்ம ஐவர் இருக்கான். குளிர்காலம் பூரா உக்காந்து தகடு வெட்டி, கூடு கட்டி, சாயம் போட்டான். எடுங்கப்பா துணியை."

துணியை எடுத்தார்கள். எண்பத்து மூன்று.

ஒரு குறை சொல்ல முடியாத வேலை. வேறு கூட்டின் சற்றே தாழ்ந்த நெற்றி, மூர்டாப் என்ற ஊர்ப்பலகை, பின்படியின் கைப்பிடிக் கம்பி. ஓட்டுநர் கூண்டில் ஒரு பயறு அளவு மனிதன், தொப்பியோடு. வலது ஜன்னலுக்கு வெளியே அவன் கை நீண்டிருந்தது.

கூடத்தில் கைதட்டினார்கள். டோரீன் இரண்டு முழம் தள்ளி டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்ப மால்கமுக்குத் தைரியமில்லை.

"நம்பர் தப்பு," என்றார்.

கைதட்டல் அடங்கியது. அந்தக் கூட்டத்தில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், தாங்கிக்கொள்வான். நம்பர் தப்பு என்று சொல்லக் கூடாது.

"தப்பா?" ஐவர் குனிந்து நம்பர் பலகையைப் பார்த்தார். "இல்லீங்களே. நீங்க ஓட்டின வண்டிதானே?"

"நான் எம்பத்தி மூணு ஓட்டினதே இல்ல. எடுத்து உள்ள வைங்க."

"ஏப்பா, உன் வீட்டுலயே நான் கேட்டேனே," என்றார் நெவில். "கெடைச்சா வெச்சிருக்க மாட்டேனான்னு நீதானே சொன்ன?"

"வரிசை முழுசாகட்டும்னு சொன்னேன். நான் ஓட்டல. யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. இந்த வேலையில ஒருத்தன் சொன்னதைக் கேட்டுக்கிட்டு சாயம் அடிக்கலாமா?"

நல்ல மனுஷனைப் பார்த்து இப்படிச் சொல்லும்படி ஆயிற்றே என்று மால்கமுக்கு உள்ளே அறுத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. ஐவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு அட்டை உறையை எடுத்தார். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருந்தது. பேருந்துப் பைத்தியங்கள் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சாலையோரம் நின்று எடுத்த படங்கள் பெட்டி பெட்டியாகச் சந்தைக்கு வரும். அதில் ஒன்று.

"யாரும் சொல்லி அடிக்கலீங்க. இதைப் பார்த்துத்தான் பண்ணேன். பின்னாலயே எழுதியிருக்கு, மர்ஸ்டேல் எம்பத்தி மூணு, சேப்பல் வளைவுன்னு. பாருங்க, ஓட்டறது நீங்கதானே? வலது பக்கம் திரும்பறதுக்குக் கையை நீட்டி சைகை காட்டறீங்க. அதையும் விடாம வெச்சிருக்கேன்." படத்தின் கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "படத்துல ஒரே குறை, எவனோ ஒரு பய குறுக்க வந்து நின்னு முன்சக்கரத்தை மறைச்சுட்டான். சக்கரத்தை மட்டும் வேற படத்தைப் பார்த்துப் போட்டேன். அதனால சக்கரத்துல தப்பு இருக்கலாம். நம்பர்ல இல்ல."

மால்கம் படத்தைப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

"அது நான் இல்ல," என்றார்.

"குடு பார்க்கலாம்," என்றாள் டோரீன்.

எழுந்து வந்திருந்தாள். மால்கம் படத்தைப் பின்னால் மறைக்கப் பார்த்தார், எழுபத்தைந்து வயசில். அவள் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, கோட்டுப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"சைகை இல்லப்பா அது," என்றாள் ஐவரிடம். "மிட்டாய் குடுக்கறாரு."

ஐவருக்கு விளங்கவில்லை.

"குறுக்க வந்தவன் எங்க பையன். ஆலன். இந்தச் சட்டை நான் தெச்சது." படத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. "உன் நம்பர் சரிதான் கண்ணு. இவரு ஓட்டின வண்டிதான். ஒரே ஒரு நாளைத் தவிர மத்த எல்லா நாளும் இவருதான் ஓட்டினாரு. அந்த ஒரு நாள்ல பையன் இதுல அடிபட்டுப் போயிட்டான்."

"தெரியாதும்மா," என்றார் நெவில். ஐவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டோரீனே போய் அவர் முழங்கையைத் தொட்டு, நல்லா பண்ணியிருக்கே, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். பெட்டியையும் அவளே எடுத்துக்கொண்டாள். மால்கம் அவள் பின்னால் நடந்தார்.

வீட்டுக்குப் பேருந்தில்தான் வந்தார்கள். பெட்டி அவள் மடியில் இருந்தது. கடலோரம் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் அவள் கோட்டைக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள், அலமாரிக்கு நேர் எதிரே.

"எதுக்கு அத்தனை பேரு முன்னாடி பொய் சொன்ன?"

"நீ அதைப் பார்க்க வேண்டாம்னுதான்."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக."

டோரீன் தலையை ஆட்டினாள். "அன்னைக்குக் காலைல நீ என்கிட்டதானே சொல்லிட்டுப் போன? ஆலன்கிட்ட சொல்லிடு, இன்னைக்கு நான் இல்லன்னு."

நாற்பத்தைந்து வருஷமாக மால்கம் காவல் காத்த வாக்கியம் அது. அவள் வாயிலிருந்தே வருகிறது.

"இல்ல," என்றார். "சொல்லணும்னு நெனைச்சேன். மறந்துட்டேன்."

"இது இன்னைக்கு ரெண்டாவது பொய்," என்றாள் டோரீன். குரல் உயரவில்லை. "ரொட்டிக்கு வெண்ணெய் தடவிட்டிருந்தேன். நீ கதவுல நின்னு சொன்ன. நான் திரும்பிக்கூடப் பார்க்காம சரின்னேன். மறந்தது நான்தான். நீ ஒரு நாளாவது கத்துவேன்னு பார்த்தேன். உன்னாலதான்டி போனான்னு ஒரு தடவை சொல்லிட்டா, அழுது தீர்த்திருப்பேன். நீ வாயையே திறக்கல. அப்புறம் இதை வாங்கி வெச்ச." கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். "நடுவுல ஒரு இடத்தை விட்டு வெச்ச. அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டேன்."

"என்னத்தை?"

"இந்த மனுஷன் வாயால சொல்ல மாட்டாரு, இப்படித்தான் சொல்றாருன்னு. இதைத் துடை, ஒவ்வொரு வாரமும் துடைச்சுக்கிட்டே இருன்னு. நானும் துடைச்சேன். பத்து வருஷமா துடைச்சேன். எனக்கு இது வேணும், நல்லா வேணும்னு துடைச்சேன்."

"ஐயோ டோரீன்." மால்கம் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மடங்காத மனிதர். "சத்தியமா அப்படி இல்ல. நான் உன்னை ஒரு நாளும் மனசால கூடக் குத்தம் சொன்னதில்ல. அந்த நம்பர் உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் அதைச் சேர்க்கல."

"அப்ப எதுக்கு இடம் விட்ட? எம்பத்தி நாலை நகர்த்தி ஒட்டி வெச்சிருந்தா அங்க ஒண்ணு இல்லன்னே தெரிஞ்சிருக்காதே. எதுக்கு விட்ட?"

மால்கம் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். பெரிய காரணம் ஏதாவது கிடைக்காதா என்று தேடினார். பிள்ளைக்காக விட்டேன், துக்கத்துக்காக விட்டேன் என்று ஏதாவது. ஒன்றும் இல்லை. அலமாரி வாங்கி வந்த நாளில் வண்டிகளை அடுக்கினார், எண்பத்திரண்டை வைத்தார், ஒன்று விட்டு எண்பத்து நான்கை வைத்தார். கை தானாகச் செய்தது. அந்தக் கூடத்தில் இருக்கும் எந்தக் கிழவனும் அப்படித்தான் செய்திருப்பான்.

"எம்பத்தி ரெண்டை ஒட்டி எம்பத்தி நாலை வைக்க முடியாது," என்றார். "வரிசை தப்பாயிடும்."

டோரீன் அவரையே பார்த்தாள்.

"வரிசைக்காகவா?"

"வரிசைக்காகத்தான்."

"அவ்வளவுதானா மால்கம்?"

"அவ்வளவுதான்."

அவள் அழுதாள். கோட்டோடு, கைப்பையோடு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். மால்கம் அவள் கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள். கோபத்தில் அல்ல, கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்புறம் பெட்டியை அவரிடம் தள்ளி, "கொண்டுபோய் வை," என்றாள். மால்கம் எழுந்து அலமாரிக் கதவைத் திறந்து எண்பத்து மூன்றை அதன் இடத்தில் வைத்தார். சரியாகப் பொருந்தியது. புகைப்படத்தை டோரீன் தன் படுக்கைப் பக்கத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். அதை அவர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் டோரீன் சமையலறையிலிருந்து அந்த மெல்லிய துணியை எடுத்துவந்து மால்கமின் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீயே துடை," என்றாள்.